சிரகிரி ஸ்டுடியோவில் ஒரு மூட்டைப்பூச்சி

“இல்லீங்க, அது கிளிஞ்சல் இல்லீங்க. எங்க பேத்தியோட சுண்டுவெரல் நகமுங்க.”

நேற்று திருப்பூர் காதர்பேட்டை டீக்கடையில் நான் இப்படிச் சொன்னபோது, அது என்னவென்று யாரும் கேட்டிருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் பாட்டுக்குப் போண்டா தின்றுகொண்டிருந்தார். நானாகத்தான் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேத்தி பிறந்ததிலிருந்து எனக்கு வாய் நிற்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம்கூடக் காட்டியாகிவிட்டது. அரிசி நொய் அளவு நகம், போட்டோவில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. ஓரத்தில் இருக்கிற தோல் சுருக்கம்கூட உழுது போட்ட காடு மாதிரி தெரிகிறது.

போண்டாக்காரர் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். “ஆரு புடிச்சதுங்க இது?”

“சென்னிமலைங்க. எம்பட மாப்பிள்ளை. இப்பச் சம்பந்தியும் அவருதானுங்க.”

“அட, பூச்சிப் போட்டோக்காரருங்களா?”

ஊரில் பாதிப் பேருக்கு அவரை அப்படித்தான் தெரியும். அந்தப் பூச்சியின் கதையை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நான் கூடவே இருந்தவன். அதனால் சொல்கிறேன்.

சென்னிமலை என் தங்கை மருதம்மாளின் புருஷன். அவர் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருக்கிறேன். நெசவு செய்கிற குடும்பம். சென்னிமலை முருகனிடம் வேண்டிப் பிறந்ததால் மலையின் பேரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அவருக்குத் தறிக்குழியில் கால் நிற்கவில்லை. போட்டோக்காரர் ஒருவரிடம் பெட்டி தூக்கி, தொழில் பழகி, காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டார். மலையின் இன்னொரு பேரான சிரகிரி என்பதையே ஸ்டுடியோவுக்கு வைத்தார்.

பேச்சு குறைவு. ஆனால் எதையும் மறக்க மாட்டார். ஒரு கல்யாண வீட்டில் எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, இவரை மட்டும் “போட்டோக்காரரு அப்பறம் உக்காரட்டும்” என்று பந்தி விசாரித்தவர் எழுப்பிவிட்டார். அந்த வீட்டுக் குரூப் போட்டோவை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கும். அந்த மனுஷனின் தலை மட்டும் பந்தல்காலுக்குப் பின்னால் இருக்கும்.

அப்படிப்பட்டவரிடம்தான் லாட்ஜ் வேலுமணி வந்து மோதினார்.

நேரு இறந்த வருடம் அது. பனியன் வாங்க வருகிற வெளியூர் வியாபாரிகள் தங்குவதற்கு வேலுமணி லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தார். சென்னிமலையின் கடைசித் தங்கை சாரதாமணி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தாள். லாட்ஜின் கிழிந்த மெத்தை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. துவைத்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவாள். தைத்து, மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஒரு நாள் காலையில் அவள் மூட்டையோடு லாட்ஜ் வாசலுக்குப் போன நேரம், வடக்கத்தி வியாபாரி ஒருவர் கழுத்தெல்லாம் தடித்துப்போய் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கினார். வேலுமணிக்கு அவமானமாகிவிட்டது. ரோட்டில் லாரிக்குப் பனியன் பேல் கட்டுகளை ஏற்றுகிறவர்கள், கடைக்காரர்கள், எல்லோரும் நின்று பார்க்கிறார்கள். அவர் கண்ணில் பட்டது சாரதாமணி.

“ஏனுங்க சேட்டு, நம்ம லாட்ஜுல பூச்சியே கெடையாதுங்க. அதா வருது பாருங்க. மூட்டையில வர்றதுனாலதான அதுக்கு மூட்டைப்பூச்சின்னே பேரு வெச்சிருக்கறாங்க” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. அவள் தலையில் இருந்த மூட்டையைப் பிடுங்கி, முடிச்சை அவிழ்த்து, நடுரோட்டில் உதறினார். விரிப்புகளோடு சேர்ந்து, அப்படியே ஊருக்குப் போவதற்காக அவள் வைத்திருந்த சீப்பும், மாற்று ரவிக்கையும், உள்பாவாடையும் மண்ணில் விழுந்தன. பேல் ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினாள்.

“இனி எம்பட படியை மிதிச்சராத. ஊட்டுக்குப் போயித் தலையைச் சொறி, போ.”

உதறியதில் ஒரு பூச்சிகூட விழவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. சிரித்ததுதான் ஊர் மனசில் நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் வீட்டுக்கு “மூட்டைப்பூச்சி ஊடு” என்று பேராகிவிட்டது. குன்னத்தூரில் சாரதாமணிக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தோம். அங்கிருந்து தரகர் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், “இன்னுஞ் சித்தெ நாளாகட்டும்னு சொல்றாங்க” என்றார். நாளாகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது கை சும்மா இருக்காது. “வாங்க மாப்ள, போயி ரண்டு சாத்துச் சாத்தீட்டு வரலாம்” என்றேன்.

சென்னிமலை அசையவில்லை. “சாத்துனா அவனுக்கு ரண்டு நாளு வலிக்கும். அப்பறம் ஆறீரும் மச்சான். எந்தங்கச்சிக்கு ஆறாதில்லீங்க.”

“அப்ப என்னதான் பண்றதுங்க?”

“அதே ரோட்டுல நின்னு, அவ மொகத்தைப் பாத்து, ‘உம்பட மூட்டையில ஒண்ணுமில்ல சாமி, அது எம்பட கட்டில்ல இருந்ததுதான்’னு அவன் வாயால சொல்லோணும். சொல்ல வெக்கறேன்.”

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. சாப்பிடும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டே மெல்லுவார். மருதம்மா என்னிடம் வந்து, “அண்ணா, சோத்துல கல்லு கெடக்குதோன்னு நானே ரண்டாந்தடவை அரிசி பொறுக்கறேன். கல்லு சோத்துல இல்ல, அவிய மனசுல இருக்குது” என்றாள்.

வழி தானாக நடந்து வந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட வேறொரு சேட்டு, ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு வந்தார். பழைய ஸ்டாண்டு கேமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பின்னால் உள்ள மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். லைட்டெல்லாம் போட்டு, சேட்டின் முகத்தை அதில் சரிபார்த்துக்கொண்டிருந்தார் சென்னிமலை. லைட்டுச் சூடு தாங்காமல் காலருக்குள்ளிருந்து என்னவோ வெளியே வந்து, தலைகீழாக நடந்து போயிற்று.

அவர் துணியிலிருந்து தலையை எடுத்தார். “சேட்டு, ஆடாதீங்க. எந்த லாட்ஜுங்க?”

“வேலுமணி லாட்ஜ். ராத்திரி பூரா நான் தூங்கலே. அவன் சாப்பிடறான்.” சேட்டு காலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாரோ, அடி, அடி” என்றார்.

“அடிக்கப்படாதுங்க. இது சாட்சிங்க.”

போட்டோவுக்கு டச் செய்கிற பிரஷ்ஷை நாக்கில் நனைத்து, பூச்சியை ஒற்றி எடுத்து, ஒரு பிலிம் டப்பியில் போட்டு மூடினார். பிறகு சேட்டின் படத்தை எடுத்தார்.

ஆனால் உள்ளது உள்ளபடி பிடித்தால் அது ஒரு புள்ளிதான். எள்ளைப் பிடித்து என்ன செய்வது? சின்னதைப் பெரிதாகப் பிடிக்கிற லென்ஸ் கோயமுத்தூரில் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். பம்பாயிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு உங்கள் ஸ்டுடியோவையே விற்க வேண்டியிருக்கும் என்று கடைக்காரர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பையும் இவர் மறக்கவில்லை.

ரிப்பேருக்கு வந்து, ஆள் திரும்பி வராத ஒரு சின்னக் கேமரா மூலையில் கிடந்தது. அதன் லென்ஸைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தவர், பின்பக்கமாகக் கண்ணில் வைத்துத் தன் கட்டைவிரலைப் பார்த்திருக்கிறார். ரேகையெல்லாம் வாய்க்கால் மாதிரித் தெரிந்திருக்கிறது. உடனே என்னைத் தேடி நிட்டிங் கம்பெனிக்கு வந்துவிட்டார். நான் அப்போது பனியன் துணி பின்னுகிற மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், நூலு தீந்த கோனு ஒண்ணு குடுங்க.”

நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். எங்கள் கம்பெனியில் காலில் மிதிபடும். அதன் உள்பக்கமெல்லாம் விளக்குக் கரி பூசினார். அகலமான வாயை ஸ்டாண்டு கேமராவின் முன்பலகையில் சைக்கிள் டியூப் வைத்து வெளிச்சம் புகாமல் ஒட்டினார். குறுகலான வாயில் அந்தச் சின்ன லென்ஸைத் திருப்பி வைத்துக் கட்டினார். முன்முகம் உள்ளே, முதுகு வெளியே.

“ஏனுங்க மாப்ள, தப்பாத் திருப்பி வெச்சுட்டீங்க.”

“தப்பில்லீங்க. இது எதுக்காகச் செஞ்சதுன்னா, பெரிய ஊட்டைச் சின்னதாக்கி உள்ள தள்ளறதுக்கு. அதையே திருப்பி வெச்சா, சின்னதைப் பெருசாக்கித் தள்ளுது. லென்ஸுக்கு என்ன தெரியும், எந்தப் பக்கம் ஊடு, எந்தப் பக்கம் பூச்சின்னு?”

பூச்சி அதற்குள் பட்டினியில் பருப்புத் தோல் மாதிரி சப்பையாகிவிட்டது. வியாபாரியைக் கடித்த பூச்சி இப்படியா இருக்கும் என்று இவருக்கு மனசு ஒப்பவில்லை. சட்டைக் கையை மடித்து, டப்பியைத் தன் முழங்கையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அது குடித்துக் குடித்து, குன்றிமணி நிறத்துக்கு உப்பிவிட்டது.

மருதம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். “கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு நாளு காப்பித்தண்ணி வெச்சுக் குடுத்ததில்ல. பூச்சிக்கு ரத்தமே குடுக்கறாரு.”

“நீ யாரு ஊட்டையும் காட்டிக் குடுக்க மாட்டீல்ல. அது குடுக்கும்” என்றார்.

குடித்து முடித்ததும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை டப்பிக்குள் போட்டார். சாட்சியைக் கொல்லலாமா என்று கேட்டேன். “இது பேசுற சாட்சி இல்லீங்க, நிக்கற சாட்சி. நிக்கறதுக்கு உசுரு எதுக்கு?” என்றார். செத்த பூச்சியின் வயிற்றில் ஒரு பொட்டுக் கோந்து வைத்து, நான் கொண்டுபோன வெள்ளைப் பனியன் துணியில் நிறுத்தினார்.

ஸ்டுடியோவின் பின்வாசலில் நல்ல வெயில். கல்யாணப் பெண்கள் பவுடர் போடுகிற கண்ணாடியை எடுத்துவந்து, வெயிலைத் திருப்பிப் பூச்சிமேல் அடித்தார். முதலில் எடுத்த கண்ணாடிப் பிளேட் கெட்டது. மூக்கு தெளிவாக இருந்தால் முதுகு புகையாக இருந்தது. அப்படிப் பெரிதாக்கும்போது தெளிவாக விழுகிற இடம் ஒரு மயிர் கனம்தானாம். லென்ஸை முன்னே பின்னே நகர்த்தினால் ஆகாது, பூச்சியைத்தான் நகர்த்த வேண்டும் என்று, அதைச் சீட்டுக்கட்டின்மேல் வைத்துச் சீட்டுச் சீட்டாக உருவினார். லென்ஸின் கண்ணைச் சுருக்கினால் தெளிவு கூடியது, ஆனால் வெளிச்சம் செத்துப் போயிற்று. ரொம்ப நேரம் திறந்து வைக்க வேண்டும். அங்கேதான் அடுத்த வம்பு. சந்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிட்டிங் மிஷின். தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு. பூச்சிக்கு அது பூகம்பம். பிளேட்டில் காலெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தது.

“கரண்ட்டு போகட்டும்” என்றார்.

திருப்பூரில் கரண்ட் போனால் எல்லோரும் வைவார்கள். அந்த ஊரில் கரண்ட் போக வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளைதான். வெயிலுக்குக் கரண்ட் வேண்டாம். மறுநாள் மத்தியானம் மிஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. நான் ஓடினேன். அவர் ஏற்கெனவே லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைப் பிடித்திருந்தது சாரதாமணி. அவளை அவர் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து பிடித்திருந்தாள். கொஞ்சம்கூடக் கை ஆடவில்லை.

அந்தப் பிரிண்டைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். எருமைக்கன்று மாதிரித் தைரியமாக நிற்கிறது பூச்சி. முதுகில் மடிப்பு மடிப்பாகத் தகடு. ஓரமெல்லாம் முடி. கீழே நான் தினமும் பின்னுகிற துணி, கண்ணி கண்ணியாக, கிணற்றுக் கயிறு கனத்தில். இத்தனை வருஷம் ஓட்டியும் அது அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கல்யாணப் படங்களுக்குப் போடுகிற பெரிய அளவில் அடித்து, மணப்பெண்ணின் உதட்டுக்குப் பூசுகிற சிவப்பை எடுத்துப் பூச்சியின் வயிற்றுக்குப் பூசினார். தங்கப் பூச்சுப் பிரேம் போட்டார். ஸ்டுடியோவின் கண்ணாடிப் பெட்டியில், ஒரு புதுமணத் தம்பதிக்கும் ஒரு மொட்டைத்தலைக் குழந்தைக்கும் நடுவில் வைத்தார். கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி: ‘காதர்பேட்டையில் தங்கியிருப்பவர்.’

காலையில் நாலு பேர் நின்றார்கள். மத்தியானத்துக்குள் சந்து அடைத்துவிட்டது. சாரதாமணியைப் பார்த்துச் சிரித்த அதே பேல்காரர்கள் முதல் வரிசையில் நின்றார்கள்.

“நல்ல லட்சணமா இருக்கறாரு. இவரு எந்த ஊட்டுலீங்க தங்கீருக்கறாரு?”

“வந்தவிய எடத்தை வெளிய சொல்லப்படாதுங்க. தொழிலுக்கு அழகில்ல” என்றார் சென்னிமலை, முகம் மாறாமல்.

வியாபாரிகள் சிலர் வந்து பார்த்தார்கள். கழுத்தைத் தடவிக்கொண்டே போனார்கள். சேட்டு தன் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து, படத்தைக் காட்டி, அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார். அன்று சாயங்காலமே அவர்களின் பெட்டிகள் வேறு லாட்ஜுக்குப் போயின.

மறுநாள் வேலுமணி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“டேய் சென்னிமலை, எறக்குடா அதை.”

“எதைங்க?”

“இந்தப் பூச்சியை.”

“அதுல உங்க பேரு எங்கயாச்சும் எழுதீருக்குதுங்களா?”

“பேரு என்னத்துக்குடா? எம்பட லாட்ஜுப் பூச்சியை என்னைக் கேக்காம நீ எப்பிடிடா போட்டோப் புடிக்கலாம்?”

பேல்காரர் ஒருவர் மெதுவாக, “அப்ப அது உங்குளுதுங்களா?” என்றார்.

“நாஞ் சொல்ல வந்தது என்னன்னா” என்று ஆரம்பித்த வேலுமணியை யாரும் கேட்கவில்லை. அதுவரை சேர்த்து வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக அவிழ்ந்து கொட்டியது.

சென்னிமலை சிரிக்கவில்லை. ஸ்டுடியோக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே சாரதாமணி நின்றுகொண்டிருந்தாள். “ஓனரே ஒத்துக்கிட்டீங்க. சந்தோசம். எந்தங்கச்சி இங்கதான் நிக்கறா. அவகிட்ட அதையே ஒருக்கா சொல்லீட்டுப் போங்க. படத்தை இப்பவே எறக்கீர்றேன்.”

வேலுமணி அவளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பேர் பூச்சி வேலுமணி. மெத்தையெல்லாம் மாற்றினார், சுண்ணாம்பு அடித்தார், லாட்ஜ் பேரைக்கூட மாற்றிப் பார்த்தார். வண்டிக்காரர்கள் “பூச்சி லாட்ஜு, ஏறு ஏறு” என்றுதான் கூப்பிட்டார்கள். குன்னத்தூர்க்காரர்கள் தாம்பூலத் தட்டோடு மறுபடி பெண் கேட்டு வந்தார்கள். சாரதாமணி உள்ளே இருந்தபடியே சொல்லி அனுப்பினாள்: “ஒரு பூச்சிக்கே ஊட்டை விட்டு ஓடுனவிய, நாளைக்குப் பாம்பு வந்தா என்னையா காப்பாத்துவாங்க? காப்பித்தண்ணி குடுத்து அனுப்பீருங்க.” மிஷின்மேல் கிடந்த துணியை எடுத்தாள். பிறகு பனியன் கம்பெனியில் தைக்கப் போனாள். அங்கேயே கட்டிங் மாஸ்டர் ஒருவரைப் பார்த்துக் கட்டிவைத்தோம். நன்றாக இருக்கிறாள்.

அதோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். சென்னிமலைக்குத் தீரவில்லை. அவர் கேட்டது ஊர் சிரிப்பதை அல்ல, அந்த ஒரு வார்த்தையை. வெயிலில் படம் வெளுத்தால் புதுப் பிரிண்ட் போட்டு, சிவப்புப் பூசி, அதே இடத்தில் வைப்பார். பக்கத்தில் இருந்த தம்பதிக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் படங்களும் வந்து போயின. பூச்சி மட்டும் நகரவில்லை. ஸ்டுடியோவுக்கு லட்சணமாக இல்லை என்று மகன் சொன்னான். “அவன் சொல்லட்டும், எடுத்தர்லாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்று காலை பேத்தியைப் பார்க்கச் சென்னிமலை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டது. விரலை உருவிக்கொள்ளாமல் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு மெத்தென்று அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த நேரம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வேலுமணியின் மகன் குமாரவேல். நல்ல பையன். கையில் மிட்டாய்ப் பெட்டி, குழந்தைக்கு ஒரு கவுன்.

“பேத்தி பொறந்திருக்குதுன்னு கேள்விப்பட்டனுங்க, ரொம்பச் சந்தோசமுங்க” என்று உட்கார்ந்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். லாட்ஜை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த வாரம் திறப்பு. அந்தப் படத்தை எடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

நானும் சொன்னேன். “மாப்ள, வயசாச்சு எல்லாருக்கும். ஊட்டுல நல்லது நடந்திருக்குது. விட்டுக் குடுத்தர்லாமுங்க.”

சென்னிமலை குழந்தையின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கண்ணு, நீ ஒண்ணும் பண்ணுல. மிட்டாயி வெச்சுட்டுப் போ. உங்கப்பாவை வரச்சொல்லு. சாரதாமணியையும் வரச்சொல்றேன். அதே ரோடு, ஒரே வார்த்தை.”

“அப்பாவுக்கு நடமாட்டம் இல்லீங்க. கட்டில்லயேதான் கெடக்கறாருங்க.”

“அதுக்கென்ன கண்ணு. கட்டிலோட நாலு பேரு தூக்கீட்டு வாங்க. மெத்தையை மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வந்துருங்க.”